இரவல் வாங்க முடியாத வாத்தியம்

மும்பையில் தமிழ் மெல்லிசைக் குழுக்களில் 35 ஆண்டுகளுக்கு மேல் பேஸ் கிதார் வாசித்த ஓய்வு பெற்ற குமாஸ்தா ஒருவரின் அனுபவம்

மாட்டுங்காவில் ஒரு கல்யாணப் பந்தியில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இலைக்காரர் என்னை இரண்டு மூன்று முறை உற்றுப் பார்த்துவிட்டு, "சார்தானே சாயங்காலம் மேடையிலே கிதாரைத் திருப்பிப் பிடிச்சுக்கிட்டு நின்னது?" என்றார். ஆமாம் என்றேன். "இப்போ வலது கையாலேதானே சாப்பிடறீங்க?" என்று அடுத்த கேள்வி. அதற்குள் ரசம் வந்துவிட்டதால் தப்பித்தேன்.

அன்று சொல்லாத பதிலை இங்கே சொல்லிவிடுகிறேன்.

நான் பிறவி இடதுகைக்காரன். ஊருக்கு ஊர் அந்தக் கைக்குப் பெயர் மாறும். பீச்சாங்கை என்பார்கள், நொட்டாங்கை என்பார்கள், ஒரட்டாங்கை என்பார்கள். எதிலும் மரியாதை கிடையாது. திருநெல்வேலிச் சீமையில் எங்கள் கிராமத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு வாத்தியார் என் எழுத்தை அடிஸ்கேலால் வலது கைக்கு மாற்றினார். சாப்பாட்டை அதற்கு முன்பே அம்மா மாற்றிவிட்டாள். கிதாருக்கு மட்டும் அடித்துத் திருத்த ஆள் இல்லை. ஆகவே அது இடது கையிலேயே தங்கிவிட்டது.

1979-ல் தாதர் ஸ்டேஷனில் வந்து இறங்கினேன். தாராவியில் மாமா வீட்டில் வாசம். இரண்டு வருஷத்தில் ஓர் அலுவலகத்தில் குமாஸ்தா உத்தியோகம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் செம்பூரில் ஒரு மெல்லிசைக் குழு ஒத்திகை பார்க்கும். வேடிக்கை பார்க்கப் போனவனைக் குழுவின் மாஸ்டர் பிடித்துக்கொண்டார். அவர்களுடைய பேஸ்காரர் துபாய்க்குப் போய்விட்டிருந்தார். "கிதார் தெரியும்னு சொன்னாங்களே, நாலு கம்பிதான், வாசிச்சுடுவே" என்றார்.

நாலு கம்பிதான். ஆனால் அந்த நாலு கம்பி என்ன வேலை செய்கிறது என்று அப்போது பலருக்குத் தெரியாது. பாட்டுக்கு அடியில் 'டும் டும்' என்று ஏதோ ஒன்று என்பார்கள். 1976-ல் 'அன்னக்கிளி' வந்த பிறகு தமிழ்ப் பாட்டில் பேஸின் நிலைமையே வேறு. இளையராஜா பாட்டுகளில் பேஸ், பாடகர் ஒரு வழியில் போக, அடியில் தனக்கென்று ஒரு வழியில் நடந்து, சரியான இடத்தில் வந்து சேர்ந்துகொள்ளும். அந்த ஒலிப்பதிவுகளில் பேஸ் வாசித்த சசிதரனை டேப்ரிக்கார்டரில் திருப்பித் திருப்பிக் கேட்டுத்தான் என்னைப் போன்றவர்கள் பாடம் படித்தோம். கேசட் நாடா தேய்ந்து போகும். அந்த நடையை விட்டுவிட்டால் பாட்டு நொண்டும். கேட்பவருக்குக் காரணம் தெரியாது, நொண்டுவது தெரியும்.

திருப்பிப் போட்டால் போதுமா?

இடதுகைக்காரனுக்கென்று செய்த பேஸ் அந்த நாளில் பம்பாயில் எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. கேட்டால் சிரிப்பார்கள். வெளிநாட்டுச் சாமானுக்கு வரி கொஞ்சநஞ்சமல்ல. 1983-ல் அலுவலக சொசைட்டியில் கடன் எழுதி, கல்கத்தாவில் செய்த வலதுகை பேஸ் ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். "திருப்பிப் பிடிச்சு, கம்பியை மாத்திக் கட்டினா முடிஞ்சது" என்றார் கடைக்காரர். முடியவில்லை. அங்கேதான் ஆரம்பித்தது.

பேஸ் கம்பிகள் ஒரே பருமன் உள்ளவை அல்ல. மேலே இருக்கும் தடித்த கம்பிக்கும் கீழே இருக்கும் மெல்லிய கம்பிக்கும் இரண்டு மடங்குக்கு மேல் வித்தியாசம். கழுத்தின் உச்சியில் கம்பிகள் பதிந்து போகும் சிறு துண்டு ஒன்று உண்டு, 'நட்' என்பார்கள். அதில் ஒவ்வொரு கம்பிக்கும் அதனதன் பருமனுக்குத் தக்க பள்ளம். இடம் மாற்றிக் கட்டினால் தடித்த கம்பி பள்ளத்தில் இறங்காமல் மேலே நிற்கும். மெல்லியது பெரிய பள்ளத்தில் கிடந்து அதிரும். தாதரில் ஹார்மோனியம் ரிப்பேர் செய்யும் மராத்திப் பெரியவர் ஒருவர் மாட்டெலும்பில் புது நட் அராவிக் கொடுத்தார். வீணைக்குக் குதிரை மாதிரி இதற்கும் அடியில் ஒரு குதிரை. அதில் ஒவ்வொரு கம்பியின் நீளத்தையும் தனித்தனியே முன்னும் பின்னும் தள்ளிச் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் வெறும் கம்பியில் சுருதி சரியாக இருக்கும், பன்னிரண்டாம் மெட்டுக்குப் போனால் பிசகும்.

அடுத்தது தோள்பட்டை. பேஸின் உடம்பில் இரண்டு கொம்புகள். மேல் கொம்பு நீளம், அதன் நுனியில்தான் பட்டை மாட்டும் குமிழ். திருப்பிப் பிடித்தால் நீளக் கொம்பு கீழே போய்விடுகிறது. குட்டைக் கொம்பில் துளை போட்டு மாட்டினால் பாரம் சமனாக நிற்காது. கையை எடுத்ததும் கழுத்து தரையைப் பார்த்துச் சாயும். சுரம் பிடிக்க வேண்டிய கை, வாத்தியத்தைத் தாங்கும் கூலி வேலையும் பார்க்க வேண்டும். இதற்கு மருந்து தாராவியிலேயே கிடைத்தது. தோல் பட்டறையில் நாலு அங்குல அகலத்துக்கு ஒரு பட்டை வெட்டிக் கொடுத்தார்கள். சொரசொரப்பான பக்கம் சட்டையைப் பிடித்துக்கொள்ளும், நழுவாது. அந்தப் பட்டை இன்றும் என்னிடம் இருக்கிறது. எத்தனையோ சட்டைகளைத் தின்றுவிட்டது.

புத்தகத்தில் யாரும் எழுதாத ஒரு சங்கடம் இன்னொன்று. வாசிப்பவர் குனிந்து பார்க்கும்போது மெட்டு தெரிவதற்காகக் கழுத்தின் மேல் விளிம்பில் 3, 5, 7, 9, 12-ம் இடங்களில் சிறு புள்ளிகள் வைத்திருப்பார்கள். திருப்பியதும் அவை கீழ் விளிம்புக்குப் போய்விடும். முதல் வரிசை ரசிகருக்குத் தெரியும், எனக்குத் தெரியாது! அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வைத்திருக்கும் வெள்ளைத் திருத்த மையைக் கடன் வாங்கிப் புள்ளி வைத்தேன். வியர்வையில் இரண்டு மாதத்தில் அழியும். மறுபடி கடன் வாங்குவேன். "டைப் அடிக்கிற நானே இவ்வளவு தப்பு பண்றதில்லை" என்பார் அந்த அம்மாள்.

ஒலி கூட்டிக் குறைக்கும் திருகுகள் மேல்பக்கம் வந்து முழங்கையில் உரசும், பாட்டு நடுவில் ஒலி தானாக இறங்கும். ஒயர் சொருகும் துளையும் மேலே வந்துவிடும், ஒயர் வானத்தைப் பார்த்து நிற்கும். அதைப் பட்டைக்குள் ஒரு சுற்றுச் சுற்றிக் கீழே விட்டிருந்தேன். இந்த ஒயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கம்பி விலை தனிக் கதை. ஒரு செட்டை மூன்று வருஷம் ஓட்டுவேன். அழுக்கேறி ஒலி மங்கினால் கழற்றிக் கொதிநீரில் பத்து நிமிஷம் போட்டுத் துடைத்தால் கொஞ்ச நாளைக்குப் புதுசு போல் பேசும். 1986-ல் கல்யாணம் ஆன புதிதில் ரசம் வைக்கும் பாத்திரத்தில் கம்பி வேகவைத்தேன். அந்தப் பாத்திரம் அன்றோடு சமையலறையை விட்டு வெளியேறியது.

குழாயில் போகாத ஒலி

அந்த நாளில் தெருக் கச்சேரிகளுக்குக் கம்பத்தில் கட்டும் குழாய் ஒலிபெருக்கிதான். பேச்சுக்கும் நாதஸ்வரத்துக்கும் அது ஊரையே எழுப்பும். ஆனால் பேஸின் தடித்த கம்பி வினாடிக்கு சுமார் 41 முறைதான் அதிர்கிறது. சின்னக் குழாய்க்கு அவ்வளவு கீழே இறங்க முடியாது. சில நூறு அதிர்வுகளுக்குக் கீழே உள்ளதை அது விழுங்கிவிடும். ஆக, இத்தனை பாடுபட்டு நான் வாசித்ததைக் கேட்டவர்கள், என் பக்கத்தில் நின்ற கிதார்காரரும் பின்னால் இருந்த டிரம்மரும்தான். பல வருஷம் அப்படிக் கழிந்தது. ஒரு ராத்திரிக்கு 75 ரூபாய். ஊரில் தங்கை கல்யாணத்துக்காகச் சேர்ந்திருந்த சீட்டுக்கு அந்தப் பணம் போய்க்கொண்டிருந்தது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் 75 ரூபாய் 75 ரூபாய்தானே என்று சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

1987 ஆடி மாதம். தாராவியில் ஓர் அம்மன் கோயில் விழா. மழைக்குத் தார்ப்பாய் கட்டிய மேடை. அந்த வருஷம்தான் விழாக் கமிட்டியார் முதன்முதலாகப் பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் வாடகைக்கு எடுத்திருந்தார்கள். முதல் பாட்டு தொடங்கியதும் என் கம்பியின் ஒலி மேடைப் பலகை வழியாகக் காலில் ஏறியது. முன்னால் உட்கார்ந்திருந்த பையன்கள் திரும்பிப் பார்த்தார்கள். நாலு வருஷத்தில் முதல்முறையாக நான் வாசிப்பது தெருவுக்குக் கேட்டது!

மூன்றாவது பாட்டில் பல்லவி முடிந்து சரணம் எடுக்கும் இடம். பட்டையில் சுற்றியிருந்த ஒயர் நழுவியது. இழுப்பில் உள்ளே பற்றவைத்திருந்த முனை விட்டுப் போயிற்று. 'டப்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். பாட்டின் அடித்தளம் காணாமல் போயிற்று. குழாய் கட்டியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. பெட்டி வைத்ததால் ஊருக்கே தெரிந்தது.

எங்களுக்கு அடுத்து வாசிக்க வேண்டிய குழுவின் பேஸ்காரர் மேடை ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தார். நல்ல மனுஷர். சட்டென்று எழுந்து தன் வாத்தியத்தை என் கையில் கொடுத்தார். வெளிநாட்டுச் சரக்கு. வேறு யாராக இருந்தாலும் கும்பிட்டு வாங்கி அடுத்த அடியில் சேர்ந்திருப்பார்கள். நான் அதைத் திருப்பிப் பிடித்தேன். மேலே இருக்க வேண்டிய தடித்த கம்பி கீழே. கீழே இருக்க வேண்டியது மேலே. விரல் பழக்கப்படி போயிற்று. வந்தது வேறு சுரம். இரண்டு வரி வாசித்துப் பார்த்தேன். பாடிக்கொண்டிருந்த பெண் சுருதி தடுமாறி என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையைச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. கையை எடுத்துவிட்டு, பாட்டு முடியும்வரை அந்த விலையுயர்ந்த வாத்தியத்தைச் சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாஸ்டர் மேடையில் ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி கவரில் 40 ரூபாய் இருந்தது. அடுத்த மாதப் பட்டியலில் என் பெயர் இல்லை. விசாரித்தேன். "எல்லாரையும் போல வலது கையிலே வாசிச்சுக்கிட்டு வா, சேர்த்துக்கறேன். மேடையிலே ஒருத்தனுக்கு ஒருத்தன் உதவ முடியாத சாமானை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது?" என்றார். அவர் மேல் இன்றும் எனக்குக் கோபம் இல்லை. அவர் சொன்னதில் நியாயம் இருந்தது.

மூன்று மாதம் வலது கைக்கு மாற முயன்றேன். விரல்களுக்குச் சுரம் தெரிந்துவிட்டது. காலம்தான் வரவில்லை. கம்பியைத் தட்டும் கை ஒவ்வொரு அடியிலும் ஒரு மயிரிழை பின்தங்கும். இடதுகைக்காரனுக்கு வலதுகைக் கிதார்தான் நல்லது, சாமர்த்தியமான கை மெட்டில் இருக்குமே என்று சில ஆசிரியர்கள் சொல்கிறார்கள். என் அபிப்பிராயம் வேறு. பேஸில் தாளம் இருப்பது தட்டும் கையில். சீட்டுக்கு அலுவலக நண்பர்களிடம் கைமாற்று வாங்கிக் கட்டினேன். ஏழு மாதம் கழித்து எனக்குப் பதிலாக வந்தவரும் துபாய்க்குப் போனார். மாஸ்டர் ஆள் அனுப்பினார். இடது கையோடுதான் போனேன்.

ஆனால் அந்த ஏழு மாதத்தில் இரண்டு காரியம் செய்திருந்தேன். லாமிங்டன் ரோடில் ரேடியோ கடைப் பையன் ஒருவனிடம் ஈயப்பற்று வைக்கக் கற்றுக்கொண்டேன். பற்றவைக்கும் கம்பி, ஈயம், உபரிச் சாக்கெட்டு எல்லாம் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு எப்போதும் கூட எடுத்துப் போவேன். இரண்டாவது, கம்பி மாற்றாத வலதுகை பேஸைத் தலைகீழாகப் பிடித்துப் பத்துப் பாட்டு பழகி வைத்தேன். அமெரிக்காவில் ஜிம்மி ஹாஸ்லிப் என்ற பேஸ் வித்வான் அப்படித் தலைகீழ்க் கம்பியிலேயே வாசித்துப் பெயர் வாங்கியவர் என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன். அவருக்கு அதுவே வித்தை. எனக்கு அவசரத்துக்கு உதவும் பத்துப் பாட்டு.

மேடையில் எந்தப் பக்கம்?

எங்கள் மேடைகள் பன்னிரண்டு அடி அகலம் இருந்தால் அதிகம். கிதார்காரரின் வாத்தியக் கழுத்து அவருக்கு இடப்பக்கம் நீளும், என்னுடையது வலப்பக்கம். அவருக்கு இடப்பக்கத்தில் நான் நின்றால் இரண்டு கழுத்தும் கொம்பு முட்டும். வலப்பக்கத்தில் நின்றால் இரண்டும் வெளிப்பக்கம் விரிந்து போகும், ஒரே மைக்கில் இருவரும் பாடலாம். 'பீட்டில்ஸ்' குழுவில் பால் மெக்கார்ட்னியும் ஜார்ஜ் ஹாரிசனும் ஒரு மைக்கில் நெருங்கி நின்று பாடுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். மெக்கார்ட்னி இடதுகைக்காரர் என்பதால் வந்த சௌகரியம் அது.

அவர் கதையும் கம்பி மாற்றிக் கட்டிய கதைதான். 1961-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரில் சுமார் 30 பவுனுக்கு வயலின் வடிவத்தில் ஒரு ஹாஃப்னர் பேஸ் வாங்கினார். இரண்டு பக்கமும் ஒரே வடிவம், திருப்பிப் பிடித்தாலும் விகாரமாகத் தெரியாது என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று. கொம்பு பிரச்னை பட்ட எனக்கு அந்தப் புத்தி வரவில்லையே என்று இருக்கிறது. அந்த வாத்தியம் 1972-ல் லண்டனில் ஒரு வண்டியிலிருந்து திருட்டுப் போயிற்று. தேடிக் கண்டுபிடித்து அவரிடம் சேர்ந்துவிட்டது என்ற செய்தி 2024 பிப்ரவரியில் வந்தது. அதே வருஷம் டிசம்பரில் லண்டன் மேடையில் அதை வாசித்தார். பேப்பரில் படித்தபோது என் மனைவியிடம் காட்டினேன். "அவர் பாத்திரத்திலே வேகவைக்கலை" என்றாள்.

நம்மவர்களிலும் உதாரணம் இருக்கிறது. மிருதங்க மேதை பழனி சுப்பிரமணிய பிள்ளை இடதுகைக்காரர். மிருதங்கத்தின் வலந்தலை சபையைப் பார்த்து இருக்க வேண்டும். இடது கையால் வலந்தலையை வாசிப்பவர், வழக்கமாக வயலின்காரர் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் அது நடக்கும். வயலின்காரர் இடம் மாற வேண்டும். எல்லோரும் அதற்குச் சம்மதிப்பார்களா? அவ்வளவு பெரிய வித்வானுக்கே வாசிப்பைத் தவிர உட்காரும் இடமும் ஒரு பிரச்னையாக இருந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் போன்றவர்கள் அவரைக் கூப்பிட்டு வாசிக்கவைத்தார்கள். பக்கவாத்தியக்காரன் எத்தனை கெட்டிக்காரனாக இருந்தாலும் முன்னால் உட்கார்ந்திருப்பவர் மனசு வைக்க வேண்டும். மேடை ஏறிய எவரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

2009-ல் அலுவலக நண்பர் ஒருவரின் மகன் சிங்கப்பூரிலிருந்து அசல் இடதுகை பேஸ் ஒன்று கொண்டுவந்து கொடுத்தான். சேமிப்பில் பெரிய பங்கு அதற்குப் போயிற்று. முதல்நாள் அதைத் தோளில் மாட்டியபோது கழுத்து சாயவில்லை. புள்ளிகள் என் பக்கம் இருந்தன. திருகைத் தேடிக் கை மேலே போயிற்று, அங்கே ஒன்றும் இல்லை. இருபத்தாறு வருஷப் பழக்கம். அசல் வாத்தியத்தில் ஒரு மாதம் தப்பும் தவறுமாக வாசித்தேன் என்றால் நம்புவீர்களா?

இப்போது இணையத்தில் இடதுகை பேஸ் ஆர்டர் செய்யலாம். ஆனால் வலதுகைக்கு ஏழு வண்ணம் காட்டினால் நமக்குக் கறுப்பு ஒன்று காட்டுவார்கள். பத்துப் பேரில் ஒருவர் இடதுகைக்காரர் என்கிறார்கள். கடையில் பத்துக்கு ஒன்று தொங்கி நான் பார்த்ததில்லை.

போன வருஷம் கல்யாணிலிருந்து ஓர் அம்மாள் தன் மகளை அழைத்துக்கொண்டு வந்தார். பதினாறு வயசு. அண்ணனுடைய கிதாரை ஒரு வருஷமாகத் திருப்பிப் பிடித்து வாசிக்கிறாள், இப்போது கல்லூரிக் குழுவில் பேஸுக்கு ஆள் வேண்டுமாம். "வலது கைக்கு மாத்திடலாமா அண்ணாச்சி? கடையிலே அதுதானே கிடைக்குது. பின்னாலே கஷ்டப்படுவாளே" என்றார் தாயார்.

உடனே பதில் சொல்ல எனக்கு வரவில்லை. வாசிக்கவே தொடங்காத பிள்ளையாக இருந்தால் வலது கையிலேயே ஆரம்பித்துப் பார்க்கச் சொல்லியிருப்பேன். புதிதாகக் கற்பவருக்கு இரண்டு கைக்கும் கஷ்டம்தான், இரவல் வாத்தியமாவது கிடைக்கும். அந்த 40 ரூபாய்க் கவரை நான் மறக்கவில்லை. ஆனால் இவள் ஒரு வருஷம் வாசித்துவிட்டாள். என் பேஸைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். காலம் ஊசி மாதிரி நின்றது. "மாத்தாதீங்கம்மா" என்றேன். பெண்ணிடம் ஹார்லிக்ஸ் பாட்டிலைக் காட்டி, முதலில் ஈயப்பற்று வைக்கக் கற்றுக்கொள் என்றேன். முகத்தைச் சுளித்தாள்.

"அங்கிள், எங்க காலேஜ் புரோகிராம் இருபதாம் தேதி. எங்கிட்டே பேஸ் இல்லே. இதைத் தருவீங்களா?"

அத்தனை வருஷத்தில் என் வாத்தியத்தை ஒருவரும் இரவல் கேட்டதில்லை. கேட்டும் பயன் இல்லையே! பையில் வைத்துக் கொடுத்தேன். கூட்ட நேரத்தில் லேடீஸ் டப்பாவில் இடிபடாமல் எப்படிக் கொண்டு போவது என்று கால்மணி நேரம் பாடம் நடத்தினேன்.

இருபத்திரண்டாம் தேதி திருப்பிக் கொண்டுவந்தாள். மூன்றாவது கம்பியைத் துடைக்காமலே பையில் வைத்திருந்தாள். திட்டினேன். அடுத்த சனிக்கிழமைக்கும் கேட்டிருக்கிறாள்.